மறுநாள் காலை டெஸ்ட்

தொண்ணூறுகளில் குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். அஸ்தினாபுரத்துக்காரர்கள் சர்க்கரைக்கும் உப்புக்கும் எங்களிடம் வருவார்கள். எச்.ஐ.வி. டெஸ்ட் என்றால் மட்டும் ரயிலேறி மாம்பலம் போவார்கள். தெரிந்த முகம் யாரும் பார்த்துவிடக் கூடாது.

பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியம். 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி. மற்ற இடங்களில் தொடவே தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளை 1993-லிருந்து சேர்த்துக்கொண்டது. ஊரே பெருமைப்பட்டிருக்க வேண்டும். சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் நின்றால் மூக்கைப் பொத்திக்கொண்டவர்களைத்தான் பார்த்தேன்.

அப்போது ஒருவர் எச்.ஐ.வி. வந்திருக்குமோ என்ற பயத்தில் ஆறு மாதம் காத்திருந்தார். மூன்று மாதத்தில் ஒரு டெஸ்ட், ஆறு மாதத்தில் இன்னொன்று என்று டாக்டர்கள் சொன்ன காலம் அது. வீட்டில் தனித்தட்டு வைத்துக்கொண்டார். மகளை மடியில் உட்கார வைப்பதை நிறுத்தினார். தட்டாலும் மடியாலும் இது ஒட்டாது என்று சொல்ல அவர் பக்கத்தில் ஆள் இல்லை. கடைசியில் ரிசல்ட் நெகட்டிவ். அந்த ஆறு மாதம் அப்பா ஏன் கிட்டே வரவில்லை என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இப்போது எங்கள் தெருவிலேயே லேப். போன மழைக்காலத்தில் மாடியில் குடியிருந்த பையன் இறங்கி வந்தான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "முந்தாநேத்து ராத்திரி ஆணுறை கிழிஞ்சிடுச்சு சார். நேத்தே டெஸ்ட் எடுத்துட்டேன். நெகட்டிவ். அப்பாடான்னு இருக்கு." போனில் ரிப்போர்ட்டைக் காட்டினான்.

அன்று பயம் ஆளை மாதக்கணக்கில் முடக்கியது; இன்று வேகம் ஒரே நாளில் ஏமாற்றுகிறது. அவன் கையிலிருந்த ரிப்போர்ட் பழைய வாரங்களைப் பற்றியது. முந்தாநாள் ராத்திரியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கிருமி நுழைந்த பின் ரத்தத்தில் அதன் தடயம் தென்படுவதற்கு நாளாகும். அந்த இடைவெளிதான் விண்டோ பீரியட்.

"உடனே சானடோரியம் போ. 72 மணி நேரம் முடியறதுக்குள்ள மருந்து ஆரம்பிக்கணுமான்னு டாக்டர் பார்க்கணும். சீக்கிரம் போனா அவ்வளவு நல்லது" என்றேன். 28 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் எட்டு ஆஸ்பத்திரிகளில் சானடோரியமும் ஒன்று. அவன் மூக்கைப் பொத்தவில்லை. ஆட்டோ பிடித்துப் போனான்.

திரும்பி வந்து, எத்தனை நாள் கழித்து டெஸ்ட் எடுத்தால் நம்பலாம் என்று கணக்குக் கேட்டான். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் டெஸ்ட் என்றால் 45 நாள். விரலில் குத்திக் கார்டில் பார்ப்பது என்றால் 90 நாள். மாத்திரை சாப்பிட்டால் இந்தக் கணக்கு தள்ளிப்போகும். அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் குறித்துக் கொடுக்கும் தேதியைத் தவறவிடக் கூடாது. இடையில் காய்ச்சல், தடிப்பு, தொண்டைவலி வந்தால் உடனே போய்ச் சொல்ல வேண்டும். ஒரு கார்டில் கோடு விழுந்ததுமே பாசிட்டிவ் என்று முடிவு கட்டுவதில்லை. வேறு கிட்டுகளிலும் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

"நம்பிக்கை மையத்துல இதெல்லாம் இலவசம். உன் அனுமதி இல்லாம யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க, 2017 சட்டமே இருக்கு. 1097-க்குப் போன் பண்ணியும் கேட்கலாம்."

"அதுவரைக்கும் சார்?"

"ஆணுறை இல்லாம வேண்டாம். ரத்த தானமும் கூடாது."

"ஆபீஸ்ல அடுத்த வாரம் கேம்ப். பேர் குடுத்திருக்கேன்."

"இப்பவே போய்ப் பேரை அடிச்சுடு."