ஓட்டில்லாத வாக்காளர்

பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்றால் அவருக்கு வேலை முடிந்தது. மட்டையை மூலையில் சாத்திவிட்டு மீன்பிடிக்கப் போய்விடலாம். அவருடைய ரசிகரான நம் ஆளுக்கோ அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம். அவர் இன்ஷூரன்ஸ் விற்பவராக இருக்கலாம், குழாய் ரிப்பேர் செய்பவராகவும் இருக்கலாம். சின்சினாட்டியில் ஏதாவதொரு மதுக்கடையில் கோடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்; காரணம் ஊருக்குத் தெரியும்.

அவர் எடுத்திருக்கும் வழக்கு இது: ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் ஆடம் டன்னை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா?

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்றொரு சின்ன ஊர். பேஸ்பாலின் பெரிய பெயர்களெல்லாம் வெண்கலப் பட்டயமாகத் தொங்கும் அந்த ஹால் ஆஃப் ஃபேம் மண்டபம் அங்கேதான் இருக்கிறது. 1936இல் முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1939இல் கட்டடம் திறந்தார்கள். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் கழித்துத்தான் பெயர் சீட்டுக்கு வரும். எழுத்தாளர் சங்கத்தில் பத்து வருஷம் தொடர்ந்து உறுப்பினராக இருந்த பேஸ்பால் நிருபர்கள் ஓட்டுப் போடுவார்கள். நூற்றுக்கு 75 வாங்கினால் உள்ளே. 5 கூட வாங்காவிட்டால் பெயரையே அடித்துவிடுவார்கள். இடைப்பட்டவர்கள் பத்து வருஷம் வரை ஊசலாடலாம். ஐந்தும் பத்தும் பதினைந்து. நம்மூர் பாகப்பிரிவினை வழக்குக்குச் சற்றும் சளைத்ததல்ல.

இதில் நம் ஆளுக்கு ஓட்டு கிடையாது. பெண் வீடும் இல்லை, பிள்ளை வீடும் இல்லை. ஆனால் பந்தலில் அவர் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது.

டன் அடித்த ஹோம் ரன்கள் 462. ஹோம் ரன் என்பது ஏறக்குறைய கிரிக்கெட் சிக்சர் மாதிரி. பெரும்பாலும் பந்து வேலி தாண்டிக் கூட்டத்துக்குள் விழும். 2005 முதல் 2008 வரை நான்கு வருஷமும் டன் அடித்தது 40, 40, 40, 40. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாதச் சம்பளம் மாதிரி. இந்த நான்கு நாற்பதை நம் ஆள் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? "ஸ்ட்ரைக் அவுட் எத்தனைன்னு சொல்லுங்களேன்" என்பார் மதுக்கடைக்காரர், கிளாஸைத் துடைத்தபடியே. பந்தை ஒழுங்காக அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பதுதான் ஸ்ட்ரைக் அவுட். டன்னுக்கு 2379. 2012இல் மட்டும் 222. வாழ்நாள் சராசரி .237. டன் மட்டை பிடித்த தடவைகளில் கிட்டத்தட்ட பாதி ஹோம் ரன்னிலோ, ஸ்ட்ரைக் அவுட்டிலோ, வாக் எனப்படும் இலவச நடையிலோ முடிந்திருக்கிறது. அதாவது பந்து வீசுபவரும் பிடிப்பவரும் போக, தடுப்பாட்டக்காரர்கள் மீதி ஏழு பேருக்கும் பாதி நேரம் சூரியகாந்தி விதை கொறிப்பதுதான் வேலை.

இங்கேதான் நம் ஆளின் வித்தை. தன் கட்சிக்காரரைப் புகழ்ந்து ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். எனவே ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைப் பிடித்து இழுப்பார். "சரித்திரத்துலயே அதிகமா ஸ்ட்ரைக் அவுட் ஆனது யாரு? ரெஜி ஜாக்சன். 2597 தடவை. இப்ப எங்க இருக்காரு?" 1993 முதல் கூப்பர்ஸ்டவுனில். ஜாக்சன் 563 ஹோம் ரன் அடித்தவர் என்பதையும், அக்டோபர் மாதத்து இறுதி ஆட்டங்களில் புலியாக இருந்தவர் என்பதையும் நம் ஆள் சொல்ல மாட்டார். கேட்டால்தானே?

அடுத்த அஸ்திரம் ஹெரால்டு பெய்ன்ஸ். நிருபர்களிடம் 6.1 சதவீதத்தைத் தாண்டாத பெய்ன்ஸை, 2018 டிசம்பரில் பதினாறு பேர் கொண்ட கமிட்டி ஒன்று, தேவையான 12 ஓட்டைப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டது. அன்று முதல் நாடு முழுவதும் இந்த ரக வழக்கறிஞர்கள் காலையில் எழுந்ததும் கும்பிடும் சாமி அவர்தான். "அவரே உள்ள இருக்காரு, இவர் வெளிய நிக்கணுமா?" பாவம் பெய்ன்ஸ், நல்ல மனிதர், 2866 ஹிட் அடித்தவர். யார் வீட்டு வழக்கானாலும் அவர்தான் சாட்சிக் கூண்டில்.

முன்பெல்லாம் 500 ஹோம் ரன் என்றால் பேச்சே இல்லை, நேரே உள்ளே. ஊக்கமருந்துக் காலம் அதையும் கெடுத்தது. 583 அடித்த மார்க் மெக்வயர் வெளியே. 762 அடித்து எல்லோருக்கும் மேலே நிற்கும் பேரி பாண்ட்ஸ், 2022இல் தம் பத்தாவது, கடைசி வாய்ப்பில் 66 சதவீதத்தோடு வெளியே. நம் ஆளுக்கு இதில் உள்ளூர ஒரு மகிழ்ச்சி. டன்னுக்கு 500க்கு 38 குறைகிறதே என்று யாராவது கேட்டால், "500 அடிச்சவன் மட்டும் உள்ள போயிட்டானா?" என்று மடக்கலாம் அல்லவா?

2014 செப்டம்பர் 30ஆம் தேதியைப் பற்றி மட்டும் அவரிடம் பேசாமலிருப்பது நல்லது. டன் பதினான்கு வருஷம் ஆடியும் சீசனுக்குப் பிந்தைய ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கியதில்லை. அந்த ஒரு ராத்திரி, ஓக்லண்ட் அணியில் இருந்தபோது, கான்சஸ் சிட்டியில், வாய்ப்பு வாசல்வரை வந்தது. ஆட்டம் பன்னிரண்டு இன்னிங்ஸ் நீண்டது. டன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஓக்லண்ட் 9–8இல் தோற்றது. 34 வயதில் டன் ஓய்வு பெற்றார். விருந்துக்கு அழைத்து இலை போடாமல் அனுப்பிய கதை. இந்த இடத்தில் மதுக்கடைக்காரர்கூட எதிர்வாதம் செய்வதில்லை. கிளாஸை நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்கும் டன் உள்ளே போகத் தகுந்தவர் என்று தோன்றவில்லை. ஆனாலும் அந்த பெஞ்சை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

2020இல் தீர்ப்பு வந்தது. மொத்தம் 397 சீட்டுகள். அதே சீட்டில் இருந்த இன்னொரு ஆட்டக்காரர் டெரெக் ஜீட்டருக்கு 396. அவருக்குப் போடாத அந்த ஒரு ஆள் யார் என்று நாடே கொதித்தது. டன்னுக்கு ஒன்றே ஒன்று. பெயரை அடித்துவிட்டார்கள்.

மதுக்கடைக்காரர் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். நம் ஆள் கையமர்த்தினார். காகிதக் கைக்குட்டையில் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"நிருபர்கள் கதை முடிஞ்சுது. இனிமே பெய்ன்ஸ் போன வழி, கமிட்டி. அங்க பன்னிரண்டு போதும். நம்ம கையில ஒண்ணு இருக்கு. பாக்கி பதினொண்ணுதானே?"