சும்மா ஒரு ரஃப் நம்பர்

சேல்ஸ்காரர் நம் சீட்டுக்கு வரமாட்டார். அங்கே எக்செல் திறந்திருக்கும். பேச்சு கணக்கில் போய் முடிந்துவிடும். டீக்கடையில்தான் பிடிப்பார். கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடி கிளாஸ் கைக்கு வந்து, நாம் எங்கும் நகர முடியாத நேரம் பார்த்து ஆரம்பிப்பார்.

"பாஸ், சின்ன வேலை. பழைய பில்லிங் சாஃப்ட்வேர கிளவுடுக்கு மாத்தணும், அவ்ளோதான். சும்மா ஒரு ரஃப் நம்பர் சொல்லுங்க."

எத்தனை ஸ்கிரீன்? எத்தனை வருஷத்து டேட்டா? டேலியோடு இணைக்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "கிளையன்ட் ரொம்ப நல்ல மனுஷன் பாஸ்."

"எதுவுமே தெரியாம சொன்னா நாலு மடங்கு ஏறலாம், கால்வாசியா இறங்கவும் செய்யலாம். பேரி போஹ்ம்னு ஒரு சாஃப்ட்வேர் நிபுணர் 1981-லயே புத்தகத்துல படம் போட்டுக் காட்டிட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அப்போ கால்வாசின்னே வெச்சுக்கலாமா?" என்பார்.

சளைக்கவே மாட்டார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." "மெயில்கூட வேணாம், வாயால சொல்லுங்க." "ஒரு ரேஞ்சாவது?" டீ தீரும்வரை தாக்குப்பிடித்துவிட்டு, "நாலுலேருந்து எட்டு மாசம் ஆகும்" என்று கடைசியில் எவனாவது சொல்லித் தொலைப்பான்.

அதற்குப் பிறகு அந்த எண் படும் பாடு இருக்கிறதே! எட்டு, டீக்கடைப் பெஞ்சிலேயே தங்கிவிடும். லிஃப்ட் ஏறும்போது நாலு மட்டும்தான் கூட வரும். சாயங்காலம் பிபிடியில் அது "மூன்றரை மாதம், ஃபிக்ஸட் பிரைஸ்" ஆகியிருக்கும். மறுநாள் கிளையன்ட் போனில் லேசாக "ம்ம்..." என்று இழுத்தால் மூன்று மாதம், கூடவே, அவர் கேட்காமலேயே ஒரு வருஷ சப்போர்ட் இலவசம். விலை பத்து லட்சம், "எல்லாம் சேத்துதான் சார்!" அந்த எல்லாத்துக்குள் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம் என்பது, இன்வாய்ஸ் போடும் அன்றுதான் அக்கவுண்ட்ஸ் அம்மாவுக்குத் தெரியவரும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் அங்கேயே போச்சு. கம்பெனிக்கு மிச்சம் ரூ.8,47,458.

விலையைச் சொன்ன பிறகுதான் சேல்ஸ்காரர் நம்மிடம் எஸ்டிமேட் ஷீட்டைக் கேட்பார். கணக்குப் போட்டு விலை சொல்ல அல்ல. சொல்லிவிட்ட விலைக்குக் கணக்குத் தயாரிக்க. கன்டிஞ்சன்சி 15 சதவீதம் என்றிருந்தால், "எதுக்கு பாஸ் இந்தக் கொழுப்பு?" டெஸ்டிங் 30 நாள் என்றால், "நம்ம பசங்க தப்பாத்தான் எழுதுவாங்கன்னு நீங்களே சொல்லலாமா?" டேட்டா மைக்ரேஷன் இருந்த வரியையே காணோம். தட்டிக்கேட்டால், "அடுத்த ப்ராஜெக்ட்ல பாத்துக்கலாம்."

மோசமான ஆள் இல்லை. டீக்காசை ஒருநாளும் நம்மைக் கொடுக்க விட்டதில்லை. ஆர்டர் வராத குவார்ட்டரில் அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அவர் படியேறிக் கதவு தட்டுவதால்தான் நம் எல்லோருக்கும் ஒண்ணாம் தேதி சம்பளம் வருகிறது. வாஸ்தவம்தான்.

ஆனால் கையெழுத்தான கையோடு அவருக்கு இன்சென்டிவ் வந்துவிடுகிறது. ஐந்தாவது மாதம் வேலை பாதியில் நிற்கும்போது அவர் வேறொரு கிளையன்டின் நல்ல குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை லாகின் செய்வது, அந்த எஸ்டிமேட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத சின்னப் பிள்ளைகள். அப்ரைசலில் "டெலிவரி தாமதம்" என்று எழுதப்படுவதும் அவர்கள் பெயருக்கு நேரேதான். அவர் கொடுத்த தள்ளுபடி கம்பெனிப் பணம் அல்ல, இவர்களுடைய தூக்கம்.

நிர்வாகம் ஒன்றே ஒன்று செய்தால் போதும். ஆர்டர் மதிப்பைப் பார்த்து இன்சென்டிவ் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வேலை முடிந்து கையில் மிஞ்சியதைப் பார்த்துக் கொடுக்கட்டும். எட்டு மாசம் என்றால் எட்டு மாசம் என்றே கேட்கும் காது, மறுநாளே அவருக்கு முளைத்துவிடும்.