காப்பிக்கு முந்தி ஒரு மாத்திரை

ஏலே பேராண்டி, இங்கன உக்காரு. கழுத்துல தைராய்டுச் சுரப்பி மந்தமாப் போச்சுன்னு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள என்ன கூத்துலே இது? அடுப்பங்கரையில பச்சைச் சாறு. அலமாரியில ஆளிவிதை. உப்புகூட ரோஸ் கலரு. பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தியா, அதுல அயோடின் சேத்திருக்கான்னு? அந்தச் சுரப்பிக்கு வேண்டியதே அயோடின்தான். அது கலந்த சாதா உப்பைத் தள்ளிட்டு, காசைக் கொட்டிக் கலரு வாங்கியிருக்க.

மாத்திரைன்னாத்தான் ஒனக்குப் பயம். "கெமிக்கல் தாத்தா, ஆயுசுக்கும் திங்கணுமாம்"ங்க. சோறும் ஆயுசுக்கும்தான் திங்க, அதுக்கு அழுதியா? லெவோதைராக்ஸின்னு பேருதான் நீளம். ஒன் கழுத்து தானாச் சுரக்க வேண்டிய சரக்குதாம்லே அது. ஒனக்கு எழுதினது 50 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லச்சம் பங்கு போட்டு, அதுல அம்பது பங்கு. இதுக்கா இம்புட்டு நடுக்கம்?

1891-ல இங்கிலாந்துல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு வைத்தியரு, இதே சீக்குல ஊதிக் கெடந்த பொம்பளைக்கு, செம்மறியாட்டுத் தைராய்டுல சாறெடுத்து ஊசி போட்டாரு. அந்தம்மா தேறி, அதுக்குமேல 28 வருசம் இருந்தா. எத்தனை கெடா கழுத்தைக் குடுத்துச்சோ! ஒனக்கு ஆடும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

சரி, அந்தப் பொட்டு மாத்திரையாவது ஒழுங்கா முழுங்குதியா? நேத்து பாத்தேனே. ஒரு கையில காப்பி. மத்த கையில தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்பு, முடி கொட்டுதுன்னு பயோட்டின், எல்லாம் ஒரே மடக்குல. கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையக் குடல்லயே பிடிச்சு வச்சுக்கிடும், ரத்தத்துல சேர விடாது. காப்பியும் லேசுப்பட்டதில்ல. வெறும் வயித்துல, பச்சைத்தண்ணியில முழுங்கிட்டு அரை மணியாவது பொறு, ஒரு மணின்னா ரொம்ப நல்லது. கால்சியம், இரும்பெல்லாம் நாலு மணி நேரம் தள்ளி. பயோட்டின் ரத்தப் பரிசோதனையையே ஏமாத்திரும். சுரப்பு கூடிப்போச்சுன்னு பொய்க்கணக்கு காட்டும். அதைத் திங்கேன்னு டாக்டர்ட்ட முன்கூட்டிச் சொல்லு.

மூணாம் நாளே லேபுக்கு ஓடுதியாம்லா? மருந்து உடம்புல நிதானமாத்தான் நெலைக்கு வரும். ஆறு எட்டு வாரம் கழிச்சு ரத்தத்துல டிஎஸ்எச் அளவு பாத்தாப் போதும். எதுத்த வீட்டு அக்காவுக்கு 100, ஒனக்கு 50ன்னு மொகத்தைத் தூக்கி வச்சிருக்க. என்ன, மார்க்கா போடுதாக?

ஒன் சித்திக்குச் சுரப்பு கூடுதல், கார்பிமசோல் திங்கா. அவ டப்பாவுல கையை விட்றாத, அது நேர் எதிர் வேலை பாக்கும். அவளுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தா கசாயம் காச்சிக்கிட்டு இருக்கப்படாது. அந்த மருந்து சில பேருக்கு ரத்தத்துல வெள்ளையணுவைக் கொறைச்சிரும். மாத்திரைய நிறுத்தி வச்சுட்டு அன்னைக்கே டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயி ரத்தம் பாக்கணும். இதை வெளையாட்டுக்குச் சொல்லல.

நாளைக்கு ஆறு மணிக்கு மாத்திரையப் போடு. ஏழு மணிக்கு வா, சேந்து காப்பி குடிப்போம். அதுவரைக்கும் ஒன் டம்ளர் எங்கிட்டதான் இருக்கும்.