தேற்றாத்தீவில் ஒரு பட்டனைக் கண்ணால் காண்பது பற்றிய ஆய்வு

பட்டனியல் என்றொரு துறை எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை, வந்தாறுமூலை வளாகத்திலும் இல்லை. ஆகவே இதுவே அத்துறையின் முதல் கட்டுரை என்று உரிமை கொண்டாடலாம், மறுக்க ஆளில்லை. ஆய்வுக் களம், மண்முனை தென் எருவில் பற்றில் கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாகக் கிடக்கும் தேற்றாத்தீவு. ஆய்வுப் பொருள், இணையத்தளத்தில் வைக்கப்போகும் பட்டனை ஊருலகம் பார்க்குமுன் சொந்த லப்டொப்பில் ஓடவிட்டுப் பார்த்தல்.

இதற்கென்றே உள்ள கருவி ஸ்டோரிபுக். பட்டன், மெனு, படிவப் பெட்டி முதலிய திரை உறுப்புகளின் தொகுப்பை, முழுத் தளத்தையும் எழுப்பாமல், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். சாதாரணப் பட்டன், அமுக்க முடியாத பட்டன், முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் பட்டன் என நிலைக்கொரு ‘ஸ்டோரி’. இதை 2016இல் உருவாக்கி வெளியிட்டவர் இலங்கையரான அருணோத சுசிரிபால. அவருடைய நிறுவனம் கடிரா. 2017இல் கடிரா ஒதுங்கிக்கொள்ள, திறந்த மூலக்காரர்கள் பொறுப்பேற்றார்கள். இன்று உலகின் பெரிய நிறுவனங்களும் இதைத்தான் பாவிக்கின்றன.

எங்கள் நாட்டுச் சரக்குத்தானே, சுலபமாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பொதிகளை இறக்கும் ‘என்பிஎம் இன்ஸ்டோல்’ கட்டளையைத் தட்டியதும் கடல்கடந்து இறங்குபவை பல்லாயிரம் கோப்புகள். போட்ட ரீலோட் கரைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு பட்டனுக்கு இத்தனையா என்பவர்கள் 2016 மார்ச் மாதத்தை நினைக்க வேண்டும். சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் ‘லெஃப்ட்பேட்’ என்ற 11 வரி நிரலை எழுதியவர், பெயர்த் தகராறொன்றில் கோபித்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பல தேசங்களில் அதை நம்பியிருந்த வேலைகள் நின்றன.

இறங்கியவை தமக்குள் ஒத்துப்போவதும் நிச்சயமில்லை. ஒரு பொதி ரியாக்ட் என்ற நிரலகத்தின் 17ஆம் பதிப்பைக் கேட்கும், மற்றது 18ஐத் தவிர வேறெதையும் ஏற்காது. வடசேரியும் தென்சேரியும் கொம்புமுறி விளையாட்டில் இழுக்கிற இழுவைதான், ஆனால் இங்கே எந்தக் கொம்பும் முறியாது. 2020இல் வந்த என்பிஎம் 7 இத்தகைய பிணக்கைக் கண்டால் நிறுவலையே நிறுத்திவிடும். பழைய போக்கில் விட்டுவிடு என்று கட்டளையோடு ஒரு வாலைச் சேர்த்துச் சமாளிப்பவர்களே அதிகம். ஆய்வாளர் இதை ஆதரிக்கவில்லை, கண்டிக்கவுமில்லை.

ஒருவழியாக ஓடினால் முகவரி லோக்கல்ஹோஸ்ட், கதவு எண் 6006. எண்ணில் சொன்னால் 127.0.0.1. அங்கே அனுப்பியது லப்டொப்பை விட்டு வெளியேறாது. கணினி தன்னோடு தானே பேசுவதற்கென 127 என்று தொடங்கும் 1,67,77,216 முகவரிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். இலங்கையின் சனத்தொகையில் முக்கால் பங்கினருக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம். இதனால் ஒரு நன்மை: பொதிகள் இறங்கியபின் சிக்னல் போனாலும் பட்டன் போகாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றபோது அது எத்தனை நேரம் தெரிந்திருக்கும் என்பது பற்றரியின் வயதைப் பொறுத்த விடயம்.

இனி முக்கியமான அவதானிப்பு. ஆங்கிலத்தில் ஆறெழுத்து ‘சப்மிட்’டுக்கு அளவெடுத்த பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று ஒன்பதெழுத்தை ஏற்றினால் பக்கம் பிதுங்கும். வரியுயரத்தை எழுத்தளவுக்கே இறுக்கி, மிஞ்சுவதை மறைக்கச் சொல்லியிருந்தால் மேலேயும் வெட்டுப்படும்: ‘பி’யின் விசிறித் தலை போய், புள்ளிகள் உதிர்ந்து, ‘சமரபபிககவும’ என்று நிற்கும். ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை, எனவே இது மரபுக்குத் திரும்புதல் என்று வாதாட இடமுண்டு. காசு தருபவர் அந்த வாதத்தை ஏற்பதில்லை.

பரிகாரம் எளிது. நிலையான உயரத்தை நீக்கிக் குறைந்தபட்ச உயரம் கொடுத்து, வரியுயரத்தை 1.5 ஆக்கிச் சேமித்தால், பக்கத்தைப் புதுப்பிக்காமலே புள்ளிகள் வந்து உட்காரும். அகலம்தான் மிச்சம். ‘அனுப்பு’ என்று மாற்றினால் நாலெழுத்தில் அதுவும் தீரும். ஆனால் மொழிபெயர்ப்புக் கோப்பு எப்போதும் கொழும்பில் வேறொருவர் கையில் இருக்கும்.