வெந்தது தெரியாத மாஸ்டர்

ஒரே தேக்சாவில் 50 கிலோ பிரியாணிக்குத் தம் போடுகிறவன் நான். மூடியோரம் கசியும் ஆவியைப் பார்த்தே உள்ளே அரிசி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டதும் நான்தான்.

மகளுக்கு முதல் சம்பளம் வந்தது. மேசை நடுவே கரியடுப்பு வைத்துத் தரும் கிரில் உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். ஆட்டோவிலேயே மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஏங்க, அங்க வந்து மாஸ்டர் வேலை பார்க்கக் கூடாது. வாயைச் சாப்பிட மட்டும் திறங்க."

உட்கார்ந்ததும் ஒரு பையன் தணல் பெட்டியை மேசைக் குழியில் இறக்கினான். பார்த்தேன். கரி இன்னும் சாம்பல் பூக்கவில்லை. "தம்பி, கங்கு வெளுத்தப்புறம்தான்..." என்று ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் என் கால் கட்டைவிரல்மேல் ஒரு செருப்பு ஏறியது.

கம்பிகள் வந்தன. கோழி, இறால், பனீர், அன்னாசி. கை சும்மா இருக்குமா? சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பிரஷ்ஷால் எண்ணெய் தடவித் தடவிப் புரட்டினேன். கூடவே மகளுக்குப் பாடம். ஈரம் வற்றி, கறியின் மேல்பக்கம் 140 டிகிரியைத் தாண்டினால்தான் அந்தப் பழுப்பும் மணமும் வரும். மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்...

"உங்க பாட்டி அவரைக் கேட்டுட்டா சுக்கா வறுத்தாங்க? கம்பியைக் கொடுங்க" என்றாள் மனைவி.

கொடுக்கவில்லை. பத்து நிமிடம் யாரையும் தொடவிடவில்லை.

பையன் மெல்லக் குனிந்தான். "சார், எல்லாம் உள்ள தந்தூர்லயே வெந்துதான் சார் வருது. இது சூடு ஆறாம இருக்கத்தான்."

இறாலைக் கடித்தேன். ரப்பர் செருப்பு வார். முழுக்க என் கைப்பக்குவம்.

அளவில்லாச் சாப்பாட்டில் முதலில் எதைத் தள்ளுவார்கள் என்று எனக்கா தெரியாது? பந்தியில் கறி குறைகிறதென்றால் கத்தரிக்காயை இன்னொரு சுற்று ஓடவிடுகிறவன் நான். இங்கே அந்த வேலையைக் குட்டி உருளைக்கிழங்கு செய்கிறது. போதுமென்றால் மேசைமேல் உள்ள சின்னக் கொடியைச் சாய்க்க வேண்டும். அதுவரை கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். இந்த வித்தையை விளக்கிக்கொண்டே 11 உருளைக்கிழங்கு தின்றிருக்கிறேன். எண்ணியது மகள். ஆட்டுக்கறி வந்த நேரத்தில் கொடியைச் சாய்த்ததும் நான்தான். பிரியாணி இருந்த பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மிளகாய்த்தூள் தூவிச் சுட்ட அன்னாசி மட்டும் மிச்சம். பழத்தைப் போய்ச் சுடுவானா? தொழில் ரகசியம் ஒன்றை அவிழ்த்துவிட்டேன்: பச்சை அன்னாசியில் ஊறினால் கறி குழையும், நாங்கள் பப்பாளிக்காய் அரைத்துப் போடுவதும் அதற்குத்தான், நெருப்பில் காட்டினால் அந்தச் சக்தியே செத்துப்போகும், சுத்த வீண். சொல்லிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டேன்.

பேச்சு நின்றது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நான் இரண்டாவது துண்டை எடுத்தபோது, பாவம், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை சந்தைக்குக் கிளம்பிய பையனிடம், கேசரிக்கு நாலு அன்னாசியும் ஒரு மூட்டை அடுப்புக்கரியும் சேர்த்து வாங்கிவரச் சொன்னேன்.

"கேசரிக்குக் கரியா, மாஸ்டர்?"