ஏறுதலா, இறங்குதலா? தாழ்ந்த கார்களின் வினைச்சொல் குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழர் எந்த வண்டியானாலும் அதில் ஏறுகிறவர்கள். மாட்டுவண்டி, ஜட்கா, பஸ், ரயில், கப்பல், விமானம் என்று எதுவானாலும் போகும்போது ஏறுதல், ஊர் வந்தால் இறங்குதல். இதில் யாருக்கும் ஐயம் எழுந்ததாகத் தெரியவில்லை. எழவும் காரணமில்லை. மாட்டுவண்டியின் தட்டு இடுப்பளவு இருக்கும். சின்ன ஸ்டேஷன்களில் ரயில் படி அதற்கும் மேலே தொங்கும். சொல்லும் செயலும் ஒத்துப்போயின.

இக்கட்டுரையாசிரியருக்கு முதன்முதலாக ஐயம் எழுந்தது, ஓய்வு பெற்ற அடுத்த மாதம், இங்கிலாந்தில், 1977-இல் செய்யப்பட்ட எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிய அன்று. உள்ளே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டு "கார்ல ஏறிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன்: என் இடுப்புக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு முழம்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற லாரியின் சக்கர நட்டுகள் என் கண்ணுக்கு நேரே தெரிந்தன. நான் ஏறவில்லை. இறங்கியிருந்தேன். திருமணமான இத்தனை ஆண்டுகளில் மனைவியிடம் தெரியாமல் சொன்ன முதல் பொய் அதுதான்.

இலக்கண நூலார் வழுவை ஏழாகப் பகுத்தனர்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. ஸ்போர்ட்ஸ் காரில் 'ஏறினேன்' என்பது மரபு வழு என்பர் ஒரு சாரார். ஊரே அப்படித்தான் பேசுகிறது, ஆகவே அது வழுவமைதி என்பர் மற்றொரு சாரார். இது இட வழு என்று வாதிட்ட நண்பர் ஒருவரும் உண்டு. இலக்கணத்தில் இடம் என்றால் மேடு பள்ளம் அல்ல, தன்மை, முன்னிலை, படர்க்கை என்று எடுத்துச் சொன்னதும் அவர் அடங்கிவிட்டார். ஆனாலும் அவர் கூற்றை முற்றாகத் தள்ளிவிட முடியவில்லை. அறுபத்தைந்தைத் தாண்டிய ஒருவர் அந்தக் காரை விட்டு வெளியே வரும் செயல் தன்மையில் தொடங்கி ("நானே வந்துடுவேன்"), முன்னிலைக்குப் போய் ("கொஞ்சம் கை குடு"), படர்க்கையில் முடிவதை ("பாவம், பெரியவர்") நான் பலமுறை கண்டிருக்கிறேன். காணாத முறைகளில் அந்தப் பெரியவர் நானாக இருந்தேன்.

இனி அளவைகள். எங்கள் கல்யாணம் 1982-இல் மதுரையில் நடந்தது. மண்டபத்திலிருந்து எங்களை ஏற்றிச் சென்றது அம்பாசடர். அதன் உயரம் சுமார் 160 செ.மீ. பட்டுப்புடவையும் மாலையுமாக ஒரு பெண் தலை குனியாமல் உள்ளே போகலாம், போனாள். முன்சீட்டு ஒரே நீளப் பலகை, கியர் ஸ்டியரிங் தண்டில். ஆகவே முன்னால் டிரைவரோடு மூன்று பேர், பின்னால் நாங்கள் இருவரும் ஒரு சித்தியும், சித்தியின் மடியில் இரண்டு பிள்ளைகளும். அதுதான் ஏறுதல். எம்ஜிபியின் உயரமோ சுமார் 125 செ.மீ. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அதைவிட உயரம். இருக்கை இரண்டுதான், சித்திக்கு வழியே இல்லை.

ஆனால் இந்த இரண்டு வண்டிகளுக்கும் இரத்த சம்பந்தம் உண்டு. அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் மூன்றாம் வரிசை, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் வந்து குடியேறியது. அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதே 1489 சி.சி. எஞ்சினைத்தான் 1955-இல் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தினார்கள். அதன் பின் 1962-இல் வந்த எம்ஜிபிக்கு அதே குடும்பத்து எஞ்சினை 1798 சி.சி. ஆகப் பெரிதாக்கினார்கள். ஆக, பெரியப்பா மகன் ஒருவன் அரசாங்க வேலையில் சேர்ந்து, வெள்ளை உடுப்புப் போட்டு, கலெக்டரைச் சுமந்தான். சித்தப்பா மகன் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆங்கிலேயக் கிராமத்துச் சாலைகளில் பெண்களோடு சுற்றினான். முதன்முதலாக வீட்டு வாசலில் எம்ஜிபியை ஸ்டார்ட் செய்தபோது சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்து, "இந்தச் சத்தம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றாள். ஆராய்ச்சியாளர்கள் வம்சாவளியை ஏட்டில் தேடுவார்கள். அவள் காதிலேயே வைத்திருக்கிறாள்.

1977 மாடல் என்று சொன்னதும் விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் உண்டு. பம்பர் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும், மோதினால் எதைத் தாங்கவேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. எம்ஜிபி பெருமளவு விற்றது அங்கேதான். அபிங்டன் தொழிற்சாலைக்காரர்கள் 1974-இன் பிற்பகுதியில் பளபளக்கும் குரோம் பம்பரைக் கழற்றிவிட்டு, கன்னங்கரேலென்ற ரப்பர் மூக்கை மாட்டி, சஸ்பென்ஷனில் சுமார் ஓர் அங்குலம் உயர்த்தியும் விட்டார்கள். வளைவில் வண்டி சாய்கிறது, அழகு போச்சு, ஆன்மா போச்சு என்று அன்று தொடங்கிய ஒப்பாரி இன்றும் ஓயவில்லை. நான் ஒன்று கேட்கிறேன். ஒப்பாரி வைப்பவர்களின் வயதென்ன? முப்பது வயதில் ஓர் அங்குலம் என்பது வளைவில் தெரியும். எழுபதை நெருங்கும்போது அது முழங்காலில் தெரியும். அமெரிக்க அரசு எந்த நோக்கத்தில் அந்தச் சட்டத்தைப் போட்டிருந்தாலும், என் மூட்டுக்கு அதைவிட நல்லது செய்த அரசு வேறில்லை.

தாழ்ந்த கார்களில் நுழையும் சிக்கல் எம்ஜிபியோடு பிறந்ததல்ல. 1954-இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல் வந்தது. அதன் கட்டுமானம் குழாய்களால் ஆன கூண்டு. அந்தக் கூண்டு பக்கவாட்டில் உயரமாக ஏறி வந்ததால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. கதவை மேல்நோக்கித் திறக்கும் சிறகாக்கினார்கள். பார்ப்பவர்கள் கவிதை என்றார்கள். அது கவிதையல்ல, வேறு வழியில்லாமை. ஓட்டுநர் காலை நுழைப்பதற்காக ஸ்டியரிங் சக்கரத்தையே மடக்கிச் சாய்க்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. 1957-இல் வந்த லோட்டஸ் செவனில் கதவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத் தகட்டைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து, பிறகு கிணற்றில் இறங்குவதுபோல இறங்கவேண்டும். முதலில் ஏறி, உடனே இறங்கி, பயணம் முடிந்ததும் மறுபடி ஏறி, மறுபடி இறங்கி என்று ஒரே பயணத்துக்கு நான்கு வினைமுற்றுகள் தேவைப்படும் கார் உலகில் வேறு இருக்கிறதா என்று இனி வரும் ஆய்வாளர்கள் தேடட்டும்.

ஃபோர்டு ஜிடி40-இன் பெயரிலுள்ள நாற்பதே அதன் உயரம்தான்: நாற்பது அங்குலம், அதாவது நூறு சென்டிமீட்டரும் கொசுறும். கூரையின் ஒரு பகுதியும் சேர்ந்து கதவோடு திறந்தால்தான் ஆள் உள்ளே போக முடியும். டான் கர்னி என்ற நெட்டை ஓட்டுநருக்காக ஒரு வண்டியின் கூரையைத் தலை இருக்கும் இடத்தில் மட்டும் பானைபோலப் புடைக்க வைத்தார்கள்.

இந்த ஜிடி40-ஐ வைத்துத்தான் நம் ஆய்வுக்கு மிக வேண்டிய சான்று கிடைக்கிறது. பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அக்காலத்தில் கார்களை ஒருபுறம் வரிசையாக நிறுத்தி, ஓட்டுநர்களை எதிர்ப்புறம் நிற்க வைப்பார்கள். கொடி அசைந்ததும் எல்லாரும் சாலையின் குறுக்கே ஓடி, காருக்குள் பாய்ந்து, கிளப்பவேண்டும். காருக்குள் நுழையும் வேகமும் பந்தயத்தின் பகுதியாக இருந்தது என்பதை நினைவில் கொள்க. அவசரத்தில் பலர் பெல்ட் போடுவதில்லை. 1969-இல் ஜாக்கி இக்ஸ் என்ற இருபத்துநான்கு வயது பெல்ஜியர் ஓடவில்லை. எல்லாரும் தலைதெறிக்க ஓட, அவர் மட்டும் கடைக்குப் போகிறவர்போல நடந்து போய், தன் ஜிடி40-க்குள் அமர்ந்து, நிதானமாகப் பெல்ட்டை மாட்டி, கடைசி ஆளாகக் கிளம்பினார். அந்தப் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே ஓட்டுநர் ஒருவர் விபத்தில் இறந்தார். இக்ஸும் அவரது கூட்டாளி ஜாக்கி ஆலிவரும் 24 மணி நேரம் கழித்து, ஏறக்குறைய 120 மீட்டர் இடைவெளியில் வென்றார்கள். அடுத்த ஆண்டு ஓடிப்போய்க் காரில் பாயும் வழக்கமே நின்றுபோனது.

சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்தத்தில் நான் கதவைத் திறந்து, குனிந்து, யோசித்து, மறுபடி நிமிர்ந்து, இடக்காலை மட்டும் உள்ளே வைத்து நிற்கும்போது பின்னால் இடத்துக்காகக் காத்திருப்பவர் ஹாரன் அடித்தால், இந்த வரலாற்றைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

நுழைவது எப்படியோ நடந்துவிடும். புவியீர்ப்பு நம் கட்சி. வெளியே வருவதில்தான் ஆராய்ச்சி ஆழம் பெறுகிறது. பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாவ்தியோ ஜில் அராவ்ஜோவும் குழுவினரும் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். உட்கார 5 மதிப்பெண், எழ 5. கையோ முழங்காலோ எதை ஊன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும், தள்ளாடினால் அரை. குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறந்துபோகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது என்று கண்டார்கள். இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. விடிந்ததும் அந்த அளவுகோலை எம்ஜிபிக்குப் பொருத்திப் பார்த்தேன். உட்காருவதில் இரண்டு கை போக மூன்று. எழுவதில், ஸ்டியரிங்கில் இடக்கை, வாசல் விளிம்பில் வலக்கை, கதவில் முழங்கை, தார்ச்சாலையில் ஒரே ஒரு கணம் முழங்கால், இறுதியில் தள்ளாட்டம்: மீதி அரை. மொத்தம் மூன்றரை. இன்றும் அரிவாள்மணை போட்டுத் தரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குகிற என் மனைவி, சொம்பு தண்ணீர் கேட்டால் எதையும் ஊன்றாமல் எழுந்து போவாள். பத்துக்குப் பத்து. அவளிடம் அந்த ஆய்வைப் பற்றி நான் சொல்லவில்லை.

மூன்று கார் நிறுத்தங்களில் என் வயதொத்தவர்களைக் கவனித்ததில் வெளியேறும் முறைகள் பலவாகத் தெரிந்தன. அவற்றுள் தலையாயது, திறந்த கதவின் மேல்விளிம்பை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு, அது ஆட ஆட விடாமல் பற்றி எழுவது. முல்லைநிலத்து இளைஞர்கள் காளையின் திமிலைப் பற்றியதைச் சங்க இலக்கியம் ஏறு தழுவுதல் என்கிறது. இதையும் நான் அப்படியே அழைக்கிறேன். இங்கே 'ஏறு' இருபொருள் தருவது கூடுதல் சிறப்பு. இரண்டு கால்களையும் வெளியே போட்டு, முன்னும் பின்னும் மூன்று முறை ஆடி, மூன்றாவது ஆட்டத்தின் வேகத்தில் எழுவது இன்னொன்று. இதில் மூன்றாவது ஆட்டத்தில் தயங்கினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும்.

இந்தக் களப்பணியில் எதிர்பாராத கண்டுபிடிப்பு ஒன்றும் கிடைத்தது. மார்ச் மாதக் குளிரில், மூக்கு சிவக்க, கழுத்தில் மஃப்ளரோடு, துணிக்கூரையை மடித்துப் போட்டுவிட்டுத் திறந்த கார் ஓட்டும் கிழவர்களைப் பார்த்து "என்ன ரசனை!" என்று ஊர் வியக்கிறது. நானும் வியந்திருக்கிறேன். இப்போது தெரியும். கூரை மூடியிருந்தால் தலையைக் குனிந்து, தோளை மடக்கி எழவேண்டும். கூரை இல்லாவிட்டால் முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நேராக வானத்தை நோக்கி எழலாம். அது ரசனையல்ல, மூட்டுவலி.

இங்கிலாந்துச் சட்டமும் இந்தத் துறையில் விசித்திரமானது. நாற்பது வயதைத் தாண்டிய கார், பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருந்தால், சாலை வரி கட்டவேண்டாம். ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. வயதானதால் நம்புகிறார்கள். ஓட்டுபவருக்கோ எழுபது வயதானதும் உரிமத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். வயதானதால் சந்தேகிக்கிறார்கள். கண் தெரிகிறதா, மயக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்பவர்கள், உள்ளே போனால் வெளியே வருவீரா என்று மட்டும் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு என் முறை. கேட்காமல் இருந்தால் நானாகச் சொல்லப்போவதில்லை.

உள்ளே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு வயதே இல்லை என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும். கிளட்ச் மிதிக்கும் கால் வலிப்பதில்லை, கியர் மாற்றும் கை நடுங்குவதில்லை. வேலியோரத்துப் புல் வாசமும் கொஞ்சம் பெட்ரோல் வாசமும் கலந்து வரும்போது எனக்கு இருபத்தாறு, பக்கத்தில் இருப்பவள் கழுத்தில் இன்னும் மாலை. வயது இருப்பது இருக்கைக்கும் தரைக்கும் நடுவே, அந்த ஒரு முழத்தில் மட்டும்தான்.

அந்த ஒரு முழத்தைக் கடக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதுவும் கௌரவமாக வேண்டும். ஆகவே வண்டியை நிறுத்தியதும் சீட்டுக்கடியில் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொள்ளும் பழக்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறேன். பார்ப்பவர்கள் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைப்பார்கள். அதற்குள் காலும் மூச்சும் ஒரு முடிவுக்கு வந்துவிடும். போன சனிக்கிழமை கடை வாசலில் அப்படித் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி ரயிலடிப் பெஞ்சிலிருந்து எழுவதுபோல இரு காலையும் ஒன்றாகத் திருப்பி வைத்து எழுந்து, பையோடு சுற்றி என் பக்கம் வந்து நின்றாள்.

"இன்னைக்கு என்னங்க தொலைஞ்சுச்சு?"

"பேனா."

"போன வாரமும் பேனாதான் தொலைஞ்சுச்சு. வேற ஏதாச்சும் சொல்லுங்க" என்று பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு கையை நீட்டினாள்.

அன்றைய வாக்கியம் படர்க்கை வரை போகவில்லை.