மழைக்கு உன் நிதானம் தெரியுமா மாப்ள?

நீ நிதானமான ஆளு மாப்ள, ஊரே சொல்லுது. நாப்பதைத் தாண்ட மாட்டே, ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பே. சந்தோஷம். ஆனா மழைக்கு அந்தச் சேதி தெரியாதே! அதுவும் கோடை கழிஞ்சு விழற மொதத் தூறலு இருக்கே, அதுக்கு ஈவு இரக்கமே கெடையாது. ரோட்டுல சிந்திக் கெடந்த டீசலும் எண்ணெயும் புழுதியும் ஊறி வழவழன்னு மேல வந்துரும். கொட்டித் தீத்தாலாவது கொஞ்சம் கழுவிட்டுப் போகும். நீ என்னடான்னா, "தூறல்தானே மாமா"ன்னு சாவியைச் சுத்திக்கிட்டுக் கெளம்பறே.

வண்டி வழுக்குனா என்ன பண்ணுவேன்னா, பிரேக்கை ஏறி மிதிப்பேங்கறே. அடேயப்பா, என்ன வீரம்! ஒரு டயரு ரோட்டைத் தொடறது உன் உள்ளங்கை அகலந்தான். அந்தப் புடிமானந்தான் டயருக்கு வர்ற சம்பளம், அது ஒண்ணுதான். பிரேக்குக்குக் கொஞ்சம் குடுக்கும், வளைவுக்குக் கொஞ்சம் குடுக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல முழுச் சம்பளத்தையும் கேட்டா கையை விரிச்சுரும். அதனாலதான் ரோடு நேரா இருக்கும்போதே வேகத்தைக் கொறைங்கறது. வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் புடிச்சு நிக்கற தூரம் நாலு மடங்கு.

பின்பக்கம் இழுத்துச்சுன்னா, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மெல்ல எடு. பின்பக்கம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை ஒடி. நேராகறப்பவே திருப்பிக்கோணும், இல்லேன்னா எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டம் போடும். கண்ணு, போக வேண்டிய எடத்துல இருக்கட்டும். புளியமரத்தையே பாத்தா புளியமரத்துக்குத்தான் போய்ச் சேருவே. முன்பக்கம் திரும்பாம வழுக்குச்சுன்னா இன்னும் இன்னும்னு ஒடிக்காதே, கொஞ்சம் தளத்து. டயரு புடிச்சுக்கும்.

2019 ஏப்ரல்ல இருந்து விக்கற புதுக் காருல எல்லாம், சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கற ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். உன் காருலயும் இருக்கு, ஆனா அது எப்படி வேலை செய்யும்னு உனக்குத் தெரியாது. அவசரத்துல முழுசா மிதிச்சா காலுக்குக் கீழ டகடகன்னு ஒதறும். வண்டி ஒடைஞ்சுபோச்சுன்னு பயந்து காலை எடுத்துராதே. அழுத்தியே புடிச்சுக்கிட்டுத் திருப்பு, திரும்பும். தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கிட்டு, காலி மைதானத்துல தண்ணி தெளிச்சு, முப்பதுல போயி ஒருதரம் மிதிச்சுப் பாரு.

பாத்துட்டு மீசையை முறுக்கிடாதே. நார்வேன்னு ஒரு பனி நாட்டுல, லைசென்ஸ் வாங்கறதுக்கே வழுக்கல் பயிற்சி கட்டாயமாம். வழுக்கற வண்டியைத் திருப்பிப் புடிக்கக் கத்துக்குடுத்தா, இளவட்டப் பசங்க வழுக்கு ரோட்டுல முன்னைவிட அதிகமா மோதினானுங்களாம்! கை தேர்ந்துட்டோம்ங்கற நெனப்புத்தான். அப்பறம் பாடத்தையே மாத்திட்டாங்க. வண்டி எவ்வளவு சுளுவாக் கை மீறும்னு காட்டி, கொஞ்சம் மெரட்டி அனுப்பறாங்க. என் பேத்தி இதைப் படிச்சுக் காட்டுனப்ப எனக்கு உன் மொகந்தான் ஞாபகம் வந்துச்சு.

கொல்லிமலைக்குக் குடும்பத்தோட போறியாமே? அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. எறங்கறப்ப சின்ன கியர்லயே வா, பிரேக்கைத் தேய்ச்சுக்கிட்டே வராதே. அப்பறம், டயருல பட்டன் 1.6 மில்லிமீட்டராவது இருக்கோணும்ங்குது சட்டம். உன் டயருல அதைத் தேடி என் வெரல்தான் தேஞ்சுது. மொதல்ல நாலு டயரையும் மாத்து. காசு உன் மாமனாருகிட்டக் கேளு, மக உக்காரப்போற வண்டியாச்சே, குடுப்பாரு.